பத்து வயதைத் தாண்டாத வீரன்

பாட்டி கதை சொல்லும்போது அருகில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையைக் கவனித்தவர்கள் ஓர் உண்மையை அறிந்திருப்பார்கள். நரி பேசிற்று என்றால் குழந்தை நம்பும். கிளி ஏழு கடல் தாண்டிப் பறந்தது என்றாலும் நம்பும். ஆனால், நேற்றிரவு நீந்தக் கற்றுக்கொண்ட அரசகுமாரன் இன்றிரவு அதே ஆற்றங்கரையில் நீந்தத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான் என்று சொல்லிப் பாருங்கள்! போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்து, “அவனுக்குத்தான் நேற்றே தெரியுமே, பாட்டி!” என்று கேட்டுவிடும்.

நடக்க முடியாததைக் குழந்தை நம்பும். நடந்ததை மறந்துவிடுவதை மட்டும் நம்பாது. கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு என்றால், அஃது இதுவேயாகும்.

சென்ற கோடை விடுமுறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இதனை நமக்கு நினைவூட்டிற்று. அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் எட்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்த சிறுவன் ஒருவன், ‘போக்கிமான்’ என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரை முதலிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு நாள் மாலை வாடிய முகத்தோடு நம்மிடம் வந்து, “மாமா, ஆஷ் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டதெல்லாம் எங்கே போயிற்று? புது ஊருக்குப் போனதும் ஒன்றுமே தெரியாதவனைப் போல ஆகிவிட்டானே!” என்று கேட்டான். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த நாம், “பொம்மைப் படந்தானே, தம்பி! அதற்குப் போய் வருந்துவாயா?” என்று சொல்லிவிட்டோம். அவன் மறுமொழி கூறாமல் திரும்பிச் சென்றான்.

அந்த விடை சரியன்று என்பது அதைச் சொன்ன நமக்கே தெரியும். ஏனெனில், இருபது வயதில் அதே இடத்தில், அதே காரணத்திற்காக அத்தொடரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டவர்களுள் நாமும் ஒருவர். அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இங்கே சொல்ல முற்படுகின்றோம். பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவத்தில் என்றேனும் எழத்தான் செய்யும்.

கதை பிறந்த கதை

சாடோஷி தாஜிரி என்பவர் சிறு வயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்தார். டோக்கியோ நகரம் பெருகி வளர்ந்தபோது, அப்பூச்சிகள் வாழ்ந்த வயல்களும் குளங்களும் மறைந்தன. தாம் பெற்ற இன்பத்தைப் பின்வரும் பிள்ளைகளும் பெற வேண்டும் என்னும் எண்ணமே ஒரு விளையாட்டாக உருக்கொண்டது. 1996 பிப்ரவரி 27 அன்று அவ்விளையாட்டு, நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. ‘போக்கிமான்’ எனப்படும் விந்தை உயிர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, பிறருடைய போக்கிமான்களோடு போட்டியிடச் செய்வதே அதன் சாரம்.

அதன் வெற்றியைத் தொடர்ந்து, 1997 ஏப்ரல் 1 அன்று டி.வி. டோக்கியோ நிலையத்தில் சித்திரத் தொடர் தொடங்கிற்று. குனிஹிக்கோ யுயாமா தலைமை இயக்குநராகவும், தொடக்க ஆண்டுகளில் தக்கேஷி ஷூடோ தலைமைக் கதாசிரியராகவும் பணியாற்றினர். கதாநாயகனுக்குத் தாஜிரியின் பெயரையே வைத்து ‘சாடோஷி’ என்று அழைத்தனர். பிற நாடுகளில் அவன் ‘ஆஷ்’ ஆனான்.

பத்து வயது நிரம்பினால் போக்கிமான்களைப் பழக்கும் உரிமை கிடைக்கும் என்பது அவ்வுலகத்தின் வழக்கம். ஆஷ் அந்த நாளில் நேரங்கழித்துத் துயில் எழுகின்றான். ஓடிச் சென்று பார்த்தால், எஞ்சியிருப்பது யாருக்கும் அடங்காத பிக்காச்சு ஒன்றுதான். அது அவன் சொல்லைக் கேட்பதில்லை. வழியில் முரட்டுப் பறவைக் கூட்டம் தாக்க வந்தபோது, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் அவன் அதன்முன் நின்று மறைக்கின்றான். அந்தக் கணத்தில் இருவரும் நண்பர்களாகின்றனர். ‘போக்கிமான் மாஸ்டர்’ ஆவேன் என்று உறுதி பூண்டு அவன் ஊரைவிட்டுப் புறப்படுகின்றான்.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டில் இத்தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் இந்தி மொழியில் வந்தது. வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியும் பேசி வளர்ந்த நம் போன்றோருக்கு, இந்தி பேசும் ஜப்பானியச் சிறுவன் அயலானாகத் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்தவன்; புதிய இடங்களில் நண்பர்களைத் தேடுகின்றவன்; அம்மாவுக்கு எப்போதேனும் தொலைபேசியில் பேசுகின்றவன். அவனை நம்மவன் என்று எண்ணிக்கொள்ள இவை போதுமானவையாக இருந்தன.

தோல்வி கசக்கவில்லை

ஆஷ் அடிக்கடி தோற்றான். பலரும் நினைப்பது போல, ரசிகர்களின் ஏமாற்றத்திற்கு அத்தோல்விகள் காரணமல்ல. முதல் பெரும் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1999-இல் காட்டப்பட்ட அப்போட்டியில் அவன் பதினாறு பேருள் ஒருவனாக வந்து நின்றுவிட்டான். அவனுடைய சாரிசார்ட் என்னும் வலிய போக்கிமான், களத்திலேயே படுத்துக்கொண்டு சண்டையிட மறுத்துவிட்டது. பார்த்த நமக்கு வருத்தமாக இருந்தது. ஆயினும் அநியாயமாகத் தோன்றவில்லை. வலிமை பெற்றபின் அது அவனை மதிக்காமல் போனதையும், அதன் மதிப்பைப் பெற அவன் உழைக்காததையும் நாம் முன்னரே கண்டிருந்தோம். விதைத்ததை அவன் அறுத்தான்.

அதற்குப் பின் வந்தது என்ன? மற்றொரு போட்டியில் சாரிசார்ட் பனிக்கட்டியில் உறைந்து, உயிருக்கு ஊசலாடுகின்றது. ஆஷ் இரவு முழுதும் நெருப்பு மூட்டி, கைகள் நோவெடுக்க அதன் உடலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றுகின்றான். மழையில் கைவிடப்பட்டுக் கிடந்த தன்னைச் சிறு குட்டியாக இருந்தபோது காத்தவன் இவனே என்பதை அது நினைந்து பார்க்கின்றது. மறுநாள் அவன் கட்டளைக்குப் பணிகின்றது. தோல்வியில் தொடங்கி அந்த இரவில் முடிந்த அப்பாடத்தை, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ட எவரும் எளிதில் மறவார்.

இதனினும் பெரியதோர் எடுத்துக்காட்டு, 2006 முதல் 2010 வரை நிகழ்ந்த சின்னோ நாட்டுப் பயணம். அங்கே ஆஷுக்கு எதிராளியாக அமைந்தவன் ஷிஞ்சி. ஆங்கில வழக்கில் அவன் பெயர் பால். வலியனவற்றை வைத்துக்கொண்டு மெலியனவற்றைத் துரத்திவிடுவது அவன் முறை. அவ்வாறு துரத்தப்பட்ட சிம்சார் என்னும் குரங்குக் குட்டியை ஆஷ் சேர்த்துக்கொண்டான். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் அக்கதை மெல்ல மெல்ல வளர்ந்தது. அஞ்சி அழுத குட்டி, அடக்க முடியாத கோபத்தோடு போராடி, இறுதியில் இன்ஃபர்னேப் என்னும் முழு வளர்ச்சி பெற்று, 2010-இல் தன்னைத் துரத்தியவனின் வலிமை மிக்க போக்கிமானையே வென்றது. ஷிஞ்சியும் அதன் ஆற்றலைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்.

அடுத்த சுற்றில் டோபயஸ் என்பவனிடம் ஆஷ் தோற்றான். எங்கிருந்தோ வந்து குதித்தவனைப் போன்ற அந்த எதிராளியைப் பற்றி ரசிகர்கள் குறை கூறினர். ஆயினும், நால்வருள் ஒருவனாக நின்ற ஆஷ், இனி அடுத்த படியில்தான் கால் வைப்பான் என்று எதிர்பார்த்தனர்.

மீண்டும் முதலிலிருந்து

2010 செப்டம்பரில் யுனோவா நாட்டுப் பயணம் தொடங்கிற்று. வந்து இறங்கியதும் மின்னல் தாக்கி, பிக்காச்சு தன் மின்னாற்றலை இழக்கின்றது. அந்நிலையில், அன்றுதான் தன் முதல் போக்கிமானைப் பெற்ற ட்ரிப் என்னும் புதியவனிடம் ஆஷ் தோற்கின்றான். பத்தாண்டுகளுக்கு மேலாக நாடு நாடாகச் சுற்றி, எண்ணற்ற போட்டிகளில் நின்ற ஒருவனை, ஒரு நாள் பழக்கம் உள்ளவன் வீழ்த்துகின்றான்! மின்னாற்றல் போனது கதை கூறும் காரணம். எனினும், ஆற்றல் போனால் அறிவுமா போய்விடும்? பொறுமை, தந்திரம், எதிரியை எடைபோடும் திறன் இவையெல்லாம் எங்கே?

அதன் பின்னரும் அவன் தொடக்கநிலை மாணவனாகவே காட்டப்பட்டான். உடன் வந்த ஐரிஸ் என்னும் பெண், அவனைக் ‘குழந்தை’ என்று ஓயாமல் கேலி செய்தாள். 2012-இல் நடந்த போட்டியில், ஆறு போக்கிமான்கள் வேண்டிய ஆட்டத்திற்கு ஐந்தை மட்டும் கொண்டுவந்த கேமரன் என்னும் கவனமற்ற இளைஞனிடம் தோற்று, எண்மருள் ஒருவனாக வெளியேறினான். நால்வருள் ஒருவனாக நின்றவன் எண்மருள் ஒருவனாக இறங்கினான். படி ஏறவில்லை என்பது மட்டுமன்று. ஏறிய படியும் பறிபோயிற்று.

அண்டை வீட்டுச் சிறுவன் மனம் வாடிய இடமும் இதுதான். நாம் இருபது வயதில் பார்ப்பதை நிறுத்திய இடமும் இதுதான்.

வணிகம் கூறும் நியாயம்

படைப்பாளிகள் ஏன் அவ்வாறு செய்தனர்? காரணம் மறைவானதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு புதிய நாட்டைக் களமாகக் கொண்ட விளையாட்டு வெளிவரும். சித்திரத் தொடரும் அந்நாட்டிற்குப் பயணம் செய்யும். 2010 செப்டம்பரில் வெளிவந்த ‘பிளாக்’, ‘ஒயிட்’ விளையாட்டுகளில் 156 புதிய போக்கிமான்கள் இடம்பெற்றன. முதன்மைக் கதை முடியும் வரையில் பழையன கிட்டா. புதிதாக வருபவர் பழையவரோடு சமமாக நிற்க வேண்டும் என்பதே நோக்கம். தொடரும் அதே போக்கில் சென்றது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அன்றைக்குத்தான் தொலைக்காட்சியின்முன் வந்து அமர்கின்றது. அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டுமல்லவா? அதற்குக் கதாநாயகனே ஒன்றும் அறியாதவனாக இருப்பது வசதி.

இவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிடவில்லை. புதிய குழந்தைக்கும் வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும். ஆயின், அதற்குப் பழைய வழி ஒன்று இதே தொடரில் முன்னரே இருந்தது. 2002-இல் மே என்னும் பெண்ணும், 2006-இல் டான் என்னும் பெண்ணும் புதியவர்களாக ஆஷுடன் சேர்ந்தனர். மே என்பவளுக்கோ தொடக்கத்தில் போக்கிமான்கள் மீதே விருப்பமில்லை. ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் புறப்பட்டவள். அறியாதவர் கேட்கும் கேள்விகளை அவள் கேட்டாள். ஆஷ் மூத்தவனாக நின்று விளக்கினான். புதிய குழந்தை மேயுடன் நடந்தது. பழைய ரசிகர் ஆஷுடன் நடந்தார். ஒரே பாதையில் இருவர்க்கும் இடம் இருந்தது. அவ்வழி தெரிந்திருந்தும் கைவிடப்பட்டது என்பதே ரசிகர்களின் வருத்தத்தை மிகுவித்தது.

நோபிடாவை யாரும் கடிவதில்லை

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘டோரேமான்’ கதையில் வரும் நோபிடாவும் வளர்வதில்லையே! 1969 அக்டோபரில் தொடங்கிய ‘சசாயே சான்’ என்னும் ஜப்பானியத் தொடரில் எவருக்குமே வயது ஏறுவதில்லையே! அவற்றை யாரும் குறை கூறாதது ஏன்?

ஏனெனில், அவை வளர்ச்சியை வாக்களிக்கவில்லை. நோபிடா தேர்வில் சுழியம் வாங்குவான்; டோரேமானிடம் அழுவான்; ஒரு கருவி கிடைக்கும்; அதைத் தவறாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வான். அந்த ஆட்டம் அன்றே தொடங்கி அன்றே முடியும். அது ராட்டினம், சுற்றி வந்த இடத்திலேயே நம்மை இறக்கிவிடும் என்று தெரிந்தே ஏறுகின்றோம். ஆஷின் கதையோ இரயில் வண்டி. செல்லுமிடம் இன்னதென்று முதல் நாளே அறிவித்துவிட்டுப் புறப்பட்டது. பத்தாண்டுப் பயணத்திற்குப் பிறகு, புறப்பட்ட நிலையத்திலேயே வண்டி நிற்பதைக் கண்டால் பயணிகள் முணுமுணுக்கத்தானே செய்வார்கள்?

ஆஷுக்கு வயது ஏறவில்லை என்பதை ரசிகர்களுள் பலர் பொறுத்துக்கொண்டனர். உடல் பத்து வயதிலேயே நிற்கட்டும். அது சித்திரத்தின் உரிமை. உள்ளமும் பத்து வயதிலேயே நின்றதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிந்தால்தான், பிள்ளைகளின் வருத்தம் நமக்கு விளங்கும்.

கைக்கு எட்டியது

2013 அக்டோபரில் தொடங்கிய காலோஸ் நாட்டுப் பயணம் இக்குறையைப் போக்க வந்தது போலத் தோன்றிற்று. ஆஷ் மீண்டும் முதிர்ச்சியுடையவனானான். உடன் வந்தவர்கள் அவனை வழிகாட்டியாகக் கொண்டனர். கிரெனின்ஜா என்னும் போக்கிமானும் அவனும் ஒரே உள்ளத்தவராக ஒன்றும்போது அதன் உருவமே மாறும் என்று கதை அமைந்தது. ஒரு தோல்விக்குப் பின் அவன் மனமுடைந்து பனி மூடிய காட்டில் தனித்திருக்கின்றான். தோழி செரீனா தேடி வந்து, இப்படிச் சோர்ந்து கிடப்பவன் தான் அறிந்த ஆஷ் அல்லன் என்று கடிந்துகொண்டு, பனியை வாரி அவன்மீது எறிகின்றாள். அவன் மெல்லத் தன்னை உணர்ந்து எழுகின்றான். இத்தகைய காட்சி முந்திய தொடரில் நினைத்தும் பார்க்க முடியாதது.

நிறுத்தியிருந்த பலர் திரும்பி வந்தனர், நாமும் வந்தோம். ஆஷ் இறுதிப் போட்டியை எட்டினான். நாட்டுப் பெரும்போட்டி ஒன்றின் இறுதிக் களத்தில் அவன் நின்றது அதுவே முதன்முறை. 2016 ஆகஸ்டு 18 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான அந்த ஆட்டத்தில், அவனுடைய கிரெனின்ஜாவும் எதிராளி அலைனின் சாரிசார்டும் மோதின. கிரெனின்ஜா வீழ்ந்தது.

அன்று ரசிகர்கள் கொதித்தனர். அலைன் தகுதியற்றவன் அல்லன். அவன் கதையும் நன்கு சொல்லப்பட்டதே. எனினும் மூன்றாண்டுக் காலம், ஒவ்வொரு படியும் இவ்வெற்றியை நோக்கியே கட்டப்பட்டது. முதல் போட்டியில் தோற்றபோது காரணம் ஆஷிடம் இருந்தது. இம்முறை காரணம் கதைக்குள் இல்லை. கதையை ஆக்கியவர்களிடம் இருந்தது என்று ரசிகர்கள் எண்ணினர். வென்றுவிட்டால் பயணம் முடிந்துவிடும். பயணம் முடிந்தால் தொடரும் முடிந்துவிடும் என்னும் அச்சமே அவனைத் தோற்கடித்தது என்று அவர்கள் கருதினர். அக்கருத்தை நாமும் அன்று கொண்டிருந்தோம்.

நாம் பிழைபட்ட இடம்

இனிக் கூறப்போவது நம்மைப் போன்ற ரசிகர்களுக்கு எதிரான சாட்சி. 2016 நவம்பரில் அலோலா நாட்டுத் தொடர் வந்தபோது, சித்திரத்தின் பாணியே மாறியிருந்தது. முகங்கள் உருண்டு, கோடுகள் எளிமையாகி, ஆஷ் முன்னினும் சிறுவனாகத் தோன்றினான். பயணத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் அமர்ந்தான். கேலியும் சிரிப்பும் மிகுந்திருந்தன. “மீண்டும் குழந்தையாக்கிவிட்டார்கள்” என்று பலர் சினந்தனர். பார்க்காமலே இகழ்ந்தவர்கள் உண்டு. அவர்களுள் நம்மையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னர்ப் பொறுமையாகப் பார்த்தபோது வெட்கமுற்றோம். 2017-இல் வந்த ஒரு பகுதியில், லிட்டன் என்னும் தெருப்பூனை போன்ற போக்கிமான், தன்னை வளர்த்த ஸ்டவுட்லாண்ட் என்னும் கிழ நாயை நோய்க்குப் பறிகொடுக்கின்றது. மரணம் என்ற சொல்லே அங்கில்லை. வெறுமையான படுக்கையும், கிளையிலிருந்து உதிரும் இலையும் போதுமானவையாக இருந்தன. ஆஷ் அறிவுரை எதுவும் கூறவில்லை. அதன் துயரம் ஆறும்வரை அருகில் இருந்தான். பெரியவர்களுக்கும் எளிதில் வாராத முதிர்ச்சி அது. வட்ட முகத்தைக் கண்டு, உள்ளே வளர்ச்சி இல்லை என்று முடிவுகட்டியது நம் பிழை.

வெற்றியும் அங்கேதான் வந்தது. 2019 செப்டம்பர் 15 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான பகுதியில், கிளாடியன் என்பவனை வென்று ஆஷ் அலோலா நாட்டின் வாகையைச் சூடினான். ஒரு நாட்டுப் பெரும்போட்டியில் அவன் பெற்ற முதல் முழுவெற்றி அது. தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்பு 2022 நவம்பர் 11 அன்று உலகப் போட்டியின் இறுதியில் லியோனை வென்றான். கடைசியில் களத்தில் நின்றது, முதல் நாளில் அவன் சொல்லைக் கேளாதிருந்த அதே பிக்காச்சுதான். அவ்வெற்றியை டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பெருந்திரைகளில் காட்டினார்கள். வெற்றி வந்தும் பயணம் முடிந்துவிடவில்லை. 2023 மார்ச் 24 அன்று அவனுடைய கடைசிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதிலும் அவன் பிக்காச்சுவுடன் நடந்துகொண்டேதான் விடைபெற்றான். ஏப்ரல் 14 முதல் லிக்கோ, ராய் என்னும் புதிய பிள்ளைகள் அவ்விடத்திற்கு வந்தனர்.

ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். இறுதிவரை பத்து வயது. புதியவர்களுக்குப் புதிய கதாநாயகர். பழையவனுக்கு உரிய மதிப்போடு விடை. இதைத்தானே ரசிகர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தனர்? காலங்கடந்து வந்தாலும் கடன் தீர்க்கப்பட்டது. ஆயினும், 1997-இல் அவனோடு பத்து வயதில் புறப்பட்ட பிள்ளைகள் அன்று முப்பத்தைந்தைக் கடந்திருந்தனர். தீர்க்கப்பட்ட கடனுக்கு வட்டியாக அவர்கள் செலுத்தியது தங்கள் இளமை.

சிறுவனுக்குச் சொன்ன விடை

அண்டை வீட்டுச் சிறுவனை மறுவாரம் அழைத்து, “தம்பி, அன்று நாங்கள் சொன்னது தவறு. நீ வருந்தியது நியாயந்தான். அவன் கற்றதை அவனிடமிருந்து பறித்திருக்கக் கூடாது” என்று சொன்னோம். பிறகு, இங்கே எழுதியவற்றையெல்லாம் அவனுக்கு ஏற்ற அளவில் எடுத்துக் கூறினோம். அவன் கவனமாகக் கேட்டான். கடைசியில் அவன் கேட்ட கேள்வி நாம் எதிர்பாராதது.

“மாமா, அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே எல்லாம் வங்காளிதானாம். நானும் ஒன்றும் தெரியாதவனாகத்தான் போய் நிற்கவேண்டும், இல்லையா?”

அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அவன் முதல் நாளே ஆஷைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நாகபுரியில் மராத்தியும் இந்தியும் கற்று, வகுப்பில் நண்பர்களைச் சேர்த்து, தனக்கென ஓர் இடத்தை ஏற்படுத்திக்கொண்ட பிள்ளை அவன். புதிய ஊர் அவற்றையெல்லாம் துடைத்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தான். அந்த அச்சத்திற்கு உருவம் கொடுத்துக் காட்டிற்று அந்தச் சித்திரத் தொடர். “பொம்மைப் படந்தானே” என்று நாம் தட்டிக்கழித்தது எதனை என்பதை எண்ணி நாணினோம்.

“வங்காளி உனக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு மொழியை எப்படிக் கற்றுக்கொள்வது என்று உனக்கு மூன்று முறை தெரியும். அதை யாரால் எடுக்க முடியும்?” என்றோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால், அந்த ட்ரிப்பிடம் ஆஷ் தோற்றது தப்புத்தான், மாமா” என்று தீர்ப்புக் கூறினான். நாம் மறுக்கவில்லை.

இடம் மாறி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பார்க்கும் கதைகளைப் பெரியவர்கள் அற்பமாக எண்ணிவிடலாகாது. உடன் அமர்ந்து ஒரு பகுதியேனும் பார்ப்போம். அவர்கள் ஒரு பாத்திரத்தின் மீது கோபங்கொண்டால், அக்கோபத்தின் காரணத்தைக் கேட்போம். கேட்டால், கதையைப் பற்றித் தொடங்கும் பேச்சு பல நேரங்களில் அவர்களைப் பற்றியே வந்து முடியும்.

சிறுவனின் குடும்பம் ஜூன் மாதத்தில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. இரயில் நிலையத்தில் வழியனுப்பச் சென்றிருந்தோம். அலோலாத் தொடரில் பாதிவரை வந்துவிட்டதாகவும், மிச்சத்தை வண்டியில் பார்க்கப் போவதாகவும் சொன்னான். முடிவை நாம் சொல்லவில்லை. அதனை அவனே பார்த்து அறியட்டும்.